மூன்று வருடம், நான்கு பை: ரூபி சாக்லேட்டும் நானும்

மூன்று வருடத்தில் நான்கு பை ரூபி சாக்லேட் வாங்கியிருக்கிறேன். இரண்டு உருப்படியாகச் செலவானது. ஒன்று என் கையால் கெட்டது. மற்றது வாங்கும்போதே கெட்டிருந்தது. மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில், வீட்டிலேயே கேக்கும் இனிப்பும் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: டார்க், மில்க், வெள்ளை ஆகியவற்றுக்குப் பிறகு நான்காவது வகை என்ற பெயரோடு வந்தது இது. சுவிட்சர்லாந்தின் பாரி காலிபோ நிறுவனம் 2017 செப்டம்பரில் ஷாங்காயில் அறிமுகம் செய்தது. 2018 ஜனவரியில் ஜப்பானிலும் கொரியாவிலும் கிட்கேட்டாகக் கடைக்கு வந்தது. சாயம் சேர்ப்பதில்லை, பழமும் இல்லை. அந்த இளஞ்சிவப்பு கொக்கோ கொட்டையிலேயே இருப்பது. அதைக் கெடாமல் காப்பாற்றி எடுக்கும் பக்குவம்தான் அவர்களுடைய ரகசியம், முழுதாக வெளியே சொல்வதில்லை. பையின் பின்பக்கத்தைப் படித்தால் சர்க்கரை, கொக்கோ வெண்ணெய், பால் பவுடர் இவற்றோடு சிட்ரிக் அமிலமும் இருக்கும். என் அத்தை முதல் சில்லை வாயில் போட்டதும், "எலுமிச்சம்பழம் பிழிஞ்சியா?" என்று கேட்டார். நாக்கு பொய் சொல்லாது.

என் கையால் கெட்ட பை எப்படி என்றால், உருக்கி கேக் மாவில் கலந்தேன். மாவில் சமையல் சோடாவும் இருந்தது. அடுப்பிலிருந்து வந்தது அசல் அடுப்புச் சாம்பல் நிறம். பிறகுதான் புரிந்தது, இந்த நிறம் செம்பருத்தித் தண்ணீர் மாதிரி. எலுமிச்சை விட்டால் சிவக்கும், சோடா பட்டால் செத்துவிடும். சூடும் ஆகாது. கேக்குக்குள் போட நினைத்தால் வெள்ளை சாக்லேட்டே போதும், காசாவது மிஞ்சும். கிரீமோடு சேர்த்து கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த குழைவு) செய்தாலும் ஈரம் பட்டுப் பழுப்பாக மங்குகிறது. நான் அதில் சீனக் கொய்யா சாறு சேர்க்கிறேன். பிளேன் ஷாம்பாஞ் பக்கம் போய் எல்லோரும் பறித்து வருகிறோமே, அந்தச் சின்னச் சிவப்புப் பழம்தான். அதன் புளிப்பு நிறத்தைப் பிடித்து வைக்கும், பழத்தின் சிவப்பும் கைகொடுக்கும்.

இதை நான் விடாமல் வாங்குவதற்கு ஒரே காரணம் நாப்போலித்தேன். (பெயரில்தான் தேன், உள்ளே ஒரு சொட்டுக் கிடையாது.) வெண்ணெயும் மாவும் பிசைந்து சுட்ட இரண்டு வட்டம், நடுவே ஜாம், மேலே இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு. இந்த ஊர்க் குழந்தைகள் எல்லோரும் அந்தப் பூச்சை முதலில் நக்கித் தீர்த்தவர்கள்தான். எனக்கு அந்தப் பூச்சு எப்போதுமே திகட்டும். அதை எடுத்துவிட்டு ரூபியில் முக்கினேன். நிறம் ஏறக்குறைய அதே. ஆனால் கடித்ததும் மெல்லிய ஓடு சட்டென்று உடைகிறது, புளிப்பு முதலில் வருகிறது, அப்புறம் வெண்ணெய். பூச்சு தடிமனாக நின்றால் கொஞ்சம் கொக்கோ வெண்ணெய் சேர்த்து இளக்கிக்கொள்ளலாம்.

முக்குவதற்கு முன் சாக்லேட்டைப் பதப்படுத்த வேண்டும், அதாவது ஓடு பளபளப்பாக இறுகி சட்டென்று உடையும்படி அளவாகச் சூடாக்கி ஆற்ற வேண்டும். மூன்றில் இரண்டு பங்கை 40 முதல் 45 டிகிரி வரை உருக்கி, மீதிச் சில்லுகளைப் போட்டுக் கிளறி 29 டிகிரி வாக்கில் கொண்டுவருகிறேன். சொல்ல எளிது. ஜனவரியில் என் சமையலறையே 29, 30 டிகிரியில் நிற்கும்போது சாக்லேட் எங்கே இறுகுவது? ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே வியர்த்துப் புள்ளி விழும். அதனால் கோடையில் விடியற்காலை நாலு மணிக்கே முடித்துவிடுவேன். இங்கே குளிர்காலமான ஜூலை, ஆகஸ்டில் இந்தத் தொல்லை இல்லை. மேட்டு நிலத்தில், குளுகுளு கியூர்பிப்பில் இருப்பவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

வாங்கும்போதே கெட்டிருந்த பையின் கதை இது: ஒரு கடையில், கண்ணாடிக்குப் பக்கத்தில், வெயில் படும் அலமாரியில் வைத்திருந்தார்கள். பிரித்தால் சில்லுகள் ஒரு பக்கம் வெளிறிப் பழுப்பாக இருந்தன. தேதி தாண்டவில்லை என்று சொல்லித் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். வெளிச்சமும் காற்றும் இதற்கு எமன். இப்போதெல்லாம் இருட்டான இடத்தில் வைத்திருக்கும் பையாகப் பார்த்து வாங்கி, பிரித்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் கொட்டி, துணி சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைக்கிறேன். வேலை முடிந்த நாப்போலித்தேனும் அப்படித்தான், கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைப்பதில்லை.

இந்த வருடப் பிறப்புக்கு அறுபது கேட்டிருக்கிறார்கள். அத்தைக்கு மட்டும் பழைய சர்க்கரைப் பூச்சுதான் வேண்டுமாம். அவருக்குத் தனியாக ஆறு.