அப்பாவின் சர்க்கரை அளவு என் ஃபோனில்: இரண்டு வருட அனுபவம்

அப்பா இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவர் ஓர் ஊரில், நான் வேறு ஊரில். இரண்டு வருடமாக அவர் கையில் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கிறோம். அளவு அவர் ஃபோனுக்கு வந்து, இணையம் வழியாக எனக்கும் தெரிகிறது.

சென்சார் ரத்தத்தை நேராக அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் இருக்கும் குளுக்கோஸைத்தான் அளக்கிறது. அதனால் ரத்த அளவைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும். எண்ணோடு, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியையும் பார்க்கப் பழகியது இதனால்தான். 95 காட்டி அம்பு நேர்கீழே இருந்தால் உடனே கூப்பிடுவேன். 85 காட்டி அம்பு படுத்திருந்தால் விட்டுவிடுவேன்.

முதல் மாதத்தில் ஒரு ராத்திரி 2.40க்கு அலாரம் அடித்தது. 54. மூன்றாவது முறை கூப்பிட்டபோதுதான் எடுத்தார். குரலில் தடுமாற்றம் இல்லை. விரலில் குத்திப் பார்த்தால் 118! சென்சார் ஒட்டிய கையை அழுத்திப் படுத்திருக்கிறார். அப்படிப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம். அடுத்த சென்சாரை மறு கையில் ஒட்டினோம். சந்தேகம் வந்தால் இன்றும் குளுக்கோமீட்டர்தான். அதைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் எல்லாமே பொய் அலாரம் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்த்தவரை எப்போதும் நல்ல அளவுதான். 14 நாள் வரைபடத்தில்தான் விடியற்காலை 3 மணிவாக்கில் பல நாள் 70க்குக் கீழே போவது தெரிந்தது. டாக்டர் அதைப் பார்த்து இரவு இன்சுலினைக் குறைத்தார். இந்த ஒன்றுக்காகவே எனக்கு இது போதும்.

தொல்லை என்றால், ஃபோனின் பேட்டரி சேமிப்பு வசதி, சென்சாரின் செயலியை நிறுத்திவிடும். ஒருமுறை 130 என்று நிம்மதியாக இருந்தேன். அது 50 நிமிடத்துக்கு முந்தைய எண். இப்போது முதலில் நேரத்தைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம், நான் செய்த தவறு. எண் ஏறும்போதெல்லாம் "என்னப்பா சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "நான் சாப்பிடுற ஒவ்வொரு வாயையும் எண்ணிக்கிட்டே இருக்காதம்மா" என்றார். ஒரு வாரம் பகிர்வையே நிறுத்திவிட்டார். பிறகு பேசி முடிவு செய்தோம்: 70க்குக் கீழே இறங்கினாலோ, அம்பு நேர்கீழே இருந்தாலோ, 250க்கு மேல் இரண்டு மணி நேரம் நின்றாலோ மட்டும் கூப்பிடுவேன்.

போன வாரம் 68 காட்டியது. நான் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டார்: "பாத்துட்டேன்மா, குளுக்கோஸ் கரைச்சுக் குடிச்சிட்டேன். பதினஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாரு."