தானாக நீர் தெளிக்கும் கருவியும் மரத்தவளைத் தொட்டியும்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மரத்தவளைகள் வாழும் கண்ணாடித் தொட்டிக்காக வாங்கிய தெளிப்புக் கருவி ஒன்றை எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பத்து லிட்டர் நீர்க்கலன், ஒரு டயஃபிரம் பம்ப் (உள்ளிருக்கும் நெகிழும் சவ்வு அசைந்து நீரைத் தள்ளும் வகை), மேல்மூடியில் பொருத்துவதற்கு நான்கு தெளிப்பு முனைகள், தொட்டிக்குள் வைக்க ஓர் ஈரப்பத உணரி, இவற்றை இயக்கும் சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை அதில் உள்ளன. தொட்டியில் இருப்பவை ஆஸ்திரேலியாவையும் நியூகினியையும் தாயகமாகக் கொண்ட இரண்டு ஒயிட்ஸ் மரத்தவளைகள். கருவி நல்ல கருவிதான். ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும், உணரி காட்டும் ஈரப்பதத்தைப் பார்த்துத் தானே தெளிக்கும் அதன் தானியங்கி முறையை யாரும் நம்பிவிட வேண்டாம் என்றே சொல்வேன். நேரம் குறித்து இயக்கும் டைமர் முறைக்காக மட்டுமே இதை வாங்கலாம்.

தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடைகளின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாகவே அது தனக்கு வேண்டிய நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதே தோல் வழியாகத்தான் காற்று வறண்டிருக்கும்போது நீரை இழக்கவும் செய்கிறது. ஆகவே ஈரப்பதம் குறையக் கூடாது என்று அனைவரும் கவலைப்படுவது நியாயமே. ஆனால் எந்நேரமும் ஊறிக்கிடக்கும் தரையும் காற்றோட்டமில்லாத தொட்டியும் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் வளர்த்து, வறட்சிக்கு இணையான தீங்கைச் செய்யும் என்பதை நாம் போதுமான அளவுக்குப் பேசுவதில்லை. ஒயிட்ஸ் மரத்தவளைக்குப் பகலில் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் வரை இருந்தால் போதும். மாலையில் தெளித்தவுடன் 80ஐத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கி, அடுத்த தெளிப்புக்கு முன் இலைகளும் கண்ணாடியும் உலர்ந்துவிட வேண்டும். செங்கண் மரத்தவளை இதைவிடச் சற்றுக் கூடுதலான ஈரத்தை விரும்பும். உலரும் இடைவெளி அதற்கும் வேண்டும்.

தானியங்கி முறையில் தவறு நேர்வது இங்கேதான். உணரியைக் கையேட்டில் காட்டியிருந்தபடி மேல்விளிம்பில் பொருத்தி, 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தெளிக்குமாறு அமைத்தேன். வெப்ப விளக்குக்கு அருகில் இருந்ததால் உணரி தொட்டியிலேயே வறண்ட மூலையை மட்டும் அளந்தது. தரையில் ஈரம் தேங்கியிருந்தபோதும் மேலே 60 என்று காட்டி, பகல் முழுவதும் பம்பை ஓட வைத்தது. இரண்டு வாரங்களில், மிகை நீர் வடிவதற்காக அடியில் இட்ட வடிகால் அடுக்கின் களிமண் உருண்டைகளைத் தாண்டி நீர் ஏறியது, அவற்றின் மேல் பரப்பிய தேங்காய் நார்த்தூள் புளித்த வாடை வீசியது, ஒரு தவளையின் அடிவயிறு இலேசாகச் சிவந்தது. கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுசென்றதால் அது தேறியது. உணரியை முனைக்கு நேராகக் கீழே மாற்றிப் பார்த்தபோது நேர்மாறான பிழை வந்தது: அதன் மேல் ஒரு துளி நீர் விழுந்தால் போதும், அது உலரும்வரை 99 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

கருவியின் கோளாறு என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது, ஏனெனில் நாம் அளப்பது ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பது. அது வெப்பத்தோடு சேர்ந்தே மாறும். 24 டிகிரி செல்சியஸில் 70 சதவீதம் காட்டும் அதே காற்று 28 டிகிரிக்குச் சூடானால், அதிலுள்ள நீராவி சிறிதும் குறையாத நிலையிலும் ஏறத்தாழ 55 சதவீதம்தான் காட்டும். காலையில் விளக்கு எரியத் தொடங்கியதும் எண் சரிவது இதனால்தான். தொட்டி வறண்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் அந்தச் சரிவைக் கண்டவுடன் நீரைப் பீய்ச்சுவதைத்தான் கருவி அறியும்.

டைமர் முறைக்கு மாறிய பிறகு இதே கருவி மிகச் சிறப்பாக உழைக்கிறது. மரத்தவளைகள் இரவில் நடமாடுபவை என்பதால், விளக்கு அணைந்ததும் 20 நொடியும் விடியற்காலையில் 10 நொடியும் தெளிக்குமாறு அமைத்திருக்கிறேன். சில டைமர்களில் ஒரு நிமிடத்துக்குக் குறைவாக அமைக்கவே இயலாது. இதில் ஐந்து நொடி வரை குறைக்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய நன்மை. திவலைகள் புகைபோல நுண்மையாக விழுவதால் தவளைகள் மிரள்வதில்லை. வலை மூடியின் பாதியைக் கண்ணாடித் தகட்டால் மறைத்தது மட்டுமே நான் கூடுதலாகச் செய்தது. முழுவதும் வலையாக இருந்தபோது ஈரம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

ஈரப்பதமானியைத் தனியாக வாங்குங்கள். முள் வைத்த வட்ட வடிவ மானியைத் தவிர்த்து டிஜிட்டல் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தொட்டியின் நடு உயரத்தில், விளக்குக்கும் முனைக்கும் விலகி வையுங்கள். அதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்வது நல்லது. சமையல் உப்பில் சில துளி நீர் விட்டுச் சேறுபோலக் குழைத்து, மானியோடு காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வைத்தால், அறை வெப்பநிலையில் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். இந்தக் கருவியோடு வந்த உணரி 68 காட்டியது. திருத்தி அமைக்கும் வசதியும் அதில் இல்லை.

நீரைப் பற்றிக் கையேடு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறது. கடின நீரை ஊற்றினால் முனைகளில் சுண்ணாம்பு படிந்து சில வாரங்களிலேயே அடைத்துக்கொள்ளும் என்பதால் கலனுக்கு ஆர்.ஓ. நீரையே பயன்படுத்துகிறேன். ஆனால் தவளை அமர்ந்து ஊறும் கிண்ணத்துக்கு அந்த நீர் ஏற்றதன்று. உப்புகள் பெரும்பாலும் நீங்கிய நீர் தவளையின் உடலிலுள்ள உப்புச் சமநிலையைக் குலைக்கக்கூடும். குழாய் நீரில் குளோரின் மட்டும் இருந்தால் ஒரு நாள் திறந்து வைக்கும்போது அது வெளியேறிவிடும், குளோரமைன் அப்படிப் போகாது. ஆகவே கிண்ணத்து நீரில் மீன்தொட்டிக்கான குளோரின் நீக்கியைக் கலப்பதே பாதுகாப்பு. கலனை வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையேல் உட்சுவரில் வழவழப்பான படலம் படிந்து, அதுவும் நீரோடு சேர்ந்து தவளையின் மேல் தூவப்படும்.

குறைகளில் முதன்மையானது குழாய். ஒளி ஊடுருவும் குழாயைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதங்களில் அதற்குள் பச்சைப் பாசி வளர்ந்துவிட்டதால் கறுப்புக் குழாய் வாங்கி மாற்ற நேர்ந்தது. கலனை முனைகளைவிட உயரத்தில் வைத்தால் பம்ப் நின்ற பிறகும் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தரையில் வைத்ததும் அது நின்றது. பம்பின் அதிர்வொலியை அடியில் வைத்த ரப்பர் விரிப்பு பெருமளவு அடக்கிவிட்டது. நீர் தீர்ந்தால் பம்ப் தானாக நிற்கும் வசதி இல்லாதது எனக்கு உண்மையான கவலை, ஏனெனில் நெடுநேரம் வறண்டு ஓடினால் பம்ப் கெட்டுப்போகக்கூடும். கலனின் வெளிப்புறத்தில் இரண்டு லிட்டர் அளவில் சிவப்பு நாடா ஒட்டி, நீர்மட்டம் அதைத் தொடும் முன்பே நிரப்பிவிடுகிறேன்.