இ-பாலிசியோடு சில வருஷங்கள்: மஞ்சள் கேள்விக்குறி மட்டும் போகவில்லை

இன்சூரன்ஸ் பாலிசியைத் தாளாகக் கேட்டு வாங்குவதா, மெயிலில் வரும் பிடிஎஃப் போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு இது புதுப்பிக்கும் மாதம். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மருத்துவக் காப்பீடு, கார், டூவீலர் எல்லாமே சில வருஷமாக இ-பாலிசிதான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

நானாகக் கேட்டு மாறவில்லை. வருஷா வருஷம் கூரியரில் வந்த தடி உறை ஒரு வருஷம் வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் 2024 ஏப்ரலிலிருந்து பாலிசிகளை மின்னணு வடிவில் கட்டாயம் தரவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதியே வந்துவிட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவை இரவு நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்தபோது, சிங்கிள் ரூமா ஷேரிங்கா என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் வீட்டு பீரோவில் இருக்கும் ஃபைலை யார் போய் எடுப்பது? போனிலேயே பாலிசியைத் திறந்து 'ரூம் ரென்ட்' என்று தேடினேன். வரம்பைத் தாண்டிய அறையை எடுத்தால் அறை வாடகை மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ் உட்பட வேறு சில செலவுகளையும் அதே விகிதத்தில் குறைத்துத்தான் தருவார்கள் என்ற வரி கண்ணில் பட்டது. ஷேரிங் போதும் என்று சொல்லிவிட்டோம். அந்த ஒரு தேடல் மிச்சப்படுத்திய பணத்துக்கு நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். தாளாக இருந்த காலத்தில் அந்தப் பொடி எழுத்தை நான் ஒருநாளும் படித்ததில்லை.

கார் விஷயத்திலும் குறையில்லை. வண்டிப் பத்திரங்களை டிஜிலாக்கர், எம்பரிவாஹன் போன்ற அரசு ஆப்களில் காட்டினால் போதும் என்று 2018-லேயே மோட்டார் வாகன விதியைத் திருத்திவிட்டார்கள். வண்டியை நிறுத்தும் போலீஸ்காரரும் இப்போதெல்லாம் போனைத்தான் கேட்கிறார்.

பாஸ்வேர்டு சின்னத் தொல்லை. பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும் என்று மெயிலில் போட்டிருக்கும். பெயருக்கு முன்னால் இனிஷியல் போடும் ஊரில் பிறந்தவர்களிடம் இதைச் சொல்லலாமா? இனிஷியல் சேர்த்தியா, புள்ளி சேர்த்தியா, இடைவெளி சேர்த்தியா? என் மனைவியின் பெயர் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அவர் பாலிசி எப்படித் திறக்கும் என்பதை ஃபைலின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன். பூட்டு எதற்கு என்று கேட்காதீர்கள்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்று இருக்கிறது. பாலிசியின் கடைசியில் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கேள்விக்குறி. அதன்மேல் ஆங்கிலத்தில், 'சிக்னேச்சர் நாட் வெரிஃபைட்'.

ஃபைலில் ஒரு தப்பும் கிடையாது. டிஜிட்டல் கையெழுத்து 2000-ஆம் வருஷத்து ஐடி சட்டப்படி செல்லும். ஆனால் நம் நாட்டுக் கையெழுத்துச் சான்றுகளுக்கெல்லாம் மூலமான சிசிஏ என்ற அரசு அமைப்பின் சான்றை அடோபி ரீடர் பல கணினிகளில் தானாக நம்புவதில்லை. கையெழுத்தின்மேல் ரைட் கிளிக் செய்து, அதன் விவரத்துக்குள் போய், சான்றைத் திறந்து, 'ட்ரஸ்ட்' என்ற பகுதியில் நம்பகமானதாகச் சேர்க்கவேண்டும். அப்போதுதான் பச்சை டிக் வரும். ஆதார் பிடிஎஃபுக்கும் இதே கதைதான், ஆதார் ஆணையமே இதற்கு வழிமுறை எழுதிப் போட்டிருக்கிறது. ஜெராக்ஸ் கடைக் கணினியில் இதையெல்லாம் யார் செய்வார்கள்? கேள்விக்குறி அப்படியே தாளில் அச்சாகி வருகிறது.

அந்தத் தாளோடு அலுவலகத்தில் 80டி கழிவுக்கு, அதாவது மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கான வருமான வரிக் கழிவுக்குப் போனேன். கணக்குப் பிரிவில் இருந்தவர் கேள்விக்குறியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "சார், வெரிஃபை ஆகலைன்னு அவங்களே போட்டிருக்காங்களே" என்றார். அவர் கண்ணில் பட்டதைச் சொன்னார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து நம்பகப் பட்டியலில் சேர்த்து, பச்சை டிக்கோடு மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இரண்டு தாளுக்கும் சட்டப்படி ஒரு வித்தியாசமும் இல்லை என்பதுதான் வேடிக்கை. கையெழுத்து ஃபைலுக்குள் இருக்கிறது. தாளில் இருப்பது அதன் படம். பச்சை டிக் வேண்டுமென்றால் யார் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம்.

ஃபைலை அனுப்பினால் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். "ஹார்டு காப்பி வேணும் சார்." டிஜிட்டலாகக் கொடுப்பது நிறுவனம், தாளாகக் கேட்பது மற்ற எல்லாரும், நடுவில் அச்சகம் நடத்துவது நான். முன்பு நிறுவனம் செய்த காகிதச் செலவு, மைச் செலவு, கூரியர் செலவில் முதல் இரண்டும் என் தலையில். அதற்காகப் பிரீமியம் குறைந்ததாக நினைவில்லை. முதல் பக்கத்தில் முக்கால்வாசிக்கு அடர்நீலப் பட்டையும் சிரிக்கும் குடும்பமும் வேறு. கலர் மை அதிலேயே பாதி போகும்.

கடையில் எடுக்கலாம்தான். கவுன்டரில் ஒட்டியிருக்கும் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் ஐந்து நிமிஷத்தில் கிடைக்கும். ஆனால் அந்தத் திரையை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். யார் யாருடைய ஆதாரோ பான் கார்டோ வரிசையாகக் கிடந்தன. அப்பாவின் நோய் விவரம் உள்ள பாலிசியை அங்கே போட மனம் வரவில்லை, பிரிண்டர் வாங்கினேன். அதற்கும் தலை அடைத்துக்கொண்டு போன மாதம் சர்வீஸ் ஆனது. வாரம் ஒரு கலர் பக்கமாவது அச்சடியுங்கள் என்றார் மெக்கானிக். இப்போது அந்த நீலப் பட்டைக்கு ஒரு உபயோகம் கிடைத்திருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் இ-பாலிசி நல்ல பொருள். தொலையாது, கரையான் அரிக்காது, நடு ராத்திரியிலும் கிடைக்கும். வாங்கியதும் முழுவதும் படித்துவிடுங்கள். புதிதாக எடுத்த மருத்துவப் பாலிசி என்றால், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. இவ்வளவு சொல்லிவிட்டு, இந்த வருஷம் மருத்துவப் பாலிசிக்கு மட்டும் தாளும் வேண்டும் என்று என் நிறுவனத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அனுப்புகிறோம் என்று பதில் வந்திருக்கிறது, பிடிஎஃபாக.