4.9 ஸ்டாரை நம்பி கூலர் வாங்குனேன், இந்தாங்க என் ரிவ்யூ

வேலூர் வெயில் பத்தி நான் சொல்ல வேணாம். விஐடி பசங்க படிப்பு முடிச்சு ரூமை காலி பண்றப்போ கூலர், சைக்கிள் எல்லாம் வந்த விலைக்கு தள்ளிட்டு போவாங்கன்னு அந்த பழைய பொருள் ஆப்புல (பேரு வேணாம் விடுங்க) தேடுனேன், காட்பாடியில 2,200க்கு ஒண்ணு கிடைச்சுது, வித்த தம்பிக்கு 4.9 ஸ்டார் வேற. நான் போன நேரம் கரெண்ட் இல்ல. "நல்லா ஓடும்ணா, சந்தேகம்னா என் ரேட்டிங்க பாருங்க"ன்னான். பார்த்தேன், காச குடுத்தேன், குட்டி யானையில ஏத்தி பாலாறு தாண்டி சத்துவாச்சாரி கொண்டாந்து ஸ்விட்ச போட்டா ஃபேன் மட்டும் சுத்துது, தண்ணி ஏத்துற மோட்டர் செத்து எத்தினி நாள் ஆச்சோ.

சரி கோவத்துல ஒரு ஸ்டார் குத்தலாம்னு போனா கை வரல. ஏன்னா நான் போட்டது அவனுக்கு உடனே தெரியும், அவனும் எனக்கு ஒண்ணு குத்திடுவான், அடுத்த வாரம் என் பழைய ஃப்ரிட்ஜ விக்கணும். கம்முனு 5 குடுத்துட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, அவனோட 4.9ம் என்ன மாதிரி பயந்தவங்க போட்டதுதானே!

இது புதுசும் இல்ல. ஆன்லைன்ல பொருள் வாங்கி விக்கிற ஈபே 1996லயே இந்த ரேட்டிங் முறைய கொண்டாந்துட்டாங்க, பழிக்குப் பழி தாங்காம 2008ல வாங்குனவங்களுக்கு வித்தவங்க நெகட்டிவ் போடவே கூடாதுன்னு நிறுத்துனாங்க. தங்குறதுக்கு வீடு, ரூம் புடிச்சு குடுக்குற ஏர்பிஎன்பி 2014ல இருந்து, தங்குனவங்க, வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் எழுதி முடிக்கிற வரைக்கும், இல்லனா கெடு முடியிற வரைக்கும், யாரு என்ன எழுதுனாங்கன்னு காட்டுறதில்ல. இவ்ளோ சிம்பிளான விஷயம், இந்த ஆப்புக்கு மட்டும் என்ன கேடோ.

ஃப்ரிட்ஜ் கதை இன்னும் மோசம். மிலிட்டரில இருக்கேன்னு ஒருத்தன், அவனுக்கும் 4.8. விலையே பேசல (நம்மூர்ல பேரம் பேசாம எவன் வாங்குறான்?), க்யூஆர் அனுப்பி "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துரும்"ன்றான். பணம் வாங்குறதுக்கு யுபிஐல பின்னே கேக்காது, பின் போட்டா நம்ம காசுதான் போவும். அவன் ப்ரொஃபைல தோண்டுனா அக்கவுண்ட் தொடங்கி 9 நாள், எல்லா ரிவ்யூவும் ரெண்டே நாள்ல வந்தது, எல்லாத்துலயும் "குட் குட்". ரிப்போர்ட் அடிச்சேன், அந்த ஐடி இன்னும் அப்படியே இருக்கு. காசு விட்டவங்க உடனே 1930க்கு (சைபர் மோசடி புகார் நம்பர்) போன் போடுங்க, ஆப்புக்கு மெயில் அனுப்பிட்டு உக்காந்திருக்காதீங்க.

நல்லதும் ஒண்ணு சொல்லணும். சிஎம்சி பக்கம் லாட்ஜ்ல வைத்தியத்துக்கு தங்கியிருந்த ஒரு கொல்கத்தா அக்கா ஊருக்கு கிளம்புறப்போ இண்டக்ஷன் அடுப்பு போட்டிருந்தாங்க, ஒரு ஸ்டார் கூட இல்லாத புது அக்கவுண்ட், ஆனா "ஒரு பட்டன் அழுத்தி புடிச்சாதான் வேலை செய்யும்"னு அவங்களே எழுதி, அந்த பட்டனை கிட்டக்க போட்டோவும் எடுத்து வச்சிருந்தாங்க. 600 குடுத்தேன், இன்னிக்கும் டீ அதுலதான்.

சாட் வசதி பரவால்ல, நம்பர் குடுக்காமயே பேசலாம். அதுக்கு ஒண்ணு, அந்த அக்காவுக்காக ஒண்ணு, ஆக ஆப்புக்கு 2 ஸ்டார். கூலர் மோட்டர் மாத்த 350 ஆச்சு.