‘எவ்வளவு பேர் வந்தாலும் தாங்கும் சேர்வர்’: இணையத்தளம் நடத்தும் கோவில் சபைகளும் ஊர் ஒன்றியங்களும் கவனிக்க

வடமராட்சியிலுள்ள எங்கள் ஊர்க் கோவிலின் இணையத்தளத்தைத் திருவிழாக் கூட்டத்தைத் தாங்கும்படி அமைத்துத் தருவதாகச் சொல்லி, யாழ் நகரிலுள்ள ஒரு நிறுவனம் பரிபாலன சபையிடம் பணம் வாங்கியது. தேர்த்திருவிழா அன்று காலையிலேயே அந்தத் தளம் விழுந்துவிட்டது. நான் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சேர்வர்களோடு, அதாவது இணையத்தளங்களை வைத்திருந்து பார்வையாளருக்கு அனுப்பும் கணினிகளோடு, பல வருடங்களாக வேலை செய்பவன் என்பதால், தளம் விழுந்த பிறகு சபைச் செயலாளர் விலைமனுவையும் பற்றுச்சீட்டுகளையும் என்னிடம் கொண்டுவந்து தந்தார். அவற்றிலும் சேர்வரிலும் நான் கண்டவற்றை, இதே போன்ற விலைமனு உங்கள் கைக்கும் வரக்கூடும் என்பதால் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

விலைமனுவின் முதல் வரியே பிழையானது. ‘அபாச்சி மற்றும் என்ஜின்எக்ஸ் வருடாந்த உரிமக் கட்டணம்’ என்று ஒரு தொகை போடப்பட்டிருந்தது. இவை இரண்டும், உலாவி கேட்கும் பக்கத்தைச் சேர்வரிலிருந்து எடுத்துக் கொடுக்கும் மென்பொருள்கள். அபாச்சி 1995 முதல் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள். ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2004இல் பொதுவில் வெளியிட்ட என்ஜின்எக்ஸும் அவ்வாறே. இரண்டையும் யாரும், வியாபாரத்துக்குக்கூட, ஒரு சதமும் கொடுக்காமல் பயன்படுத்தலாம். என்ஜின்எக்ஸ் பிளஸ் என்று கட்டணம் வாங்கும் பதிப்பு ஒன்று இருப்பது உண்மை. ஆனால் எங்கள் சேர்வரில் அது இருக்கவில்லை. இவற்றை நிறுவிப் பராமரிப்பதற்குக் கூலி கேட்பது முற்றிலும் நியாயமானது, நானும் அதைத்தான் செய்கிறேன். உரிமக் கட்டணம் என்ற பெயரில் வருடாவருடம் வாங்குவது வேறு விடயம். தளத்துக்கான இணைப்பை மறைகுறியாக்க உதவும் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தனியாக ஒரு தொகை எடுத்திருந்தார்கள். உலாவியில் பூட்டுக்குறியை அழுத்திப் பார்த்தபோது, அது லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவரும், தானாகவே புதுப்பிக்கப்படும் 90 நாள் சான்றிதழ் என்று தெரிந்தது.

எங்கள் தேர் காலை ஏழு மணியளவில் இருப்பிடத்தை விட்டுப் புறப்படும். அப்போது ரொறன்ரோவில் முதல் நாள் இரவு ஒன்பதரை, லண்டனில் அதிகாலை இரண்டரை. ஊரைப் பிரிந்து வாழும் உறவுகள் கண்விழித்திருந்து அந்த ஒரு நேரத்துக்காகவே தளத்துக்கு வருகிறார்கள். காணொளி யூரியூப் ஊடாகப் போவதால் அதன் சுமை எங்கள் சேர்வரில் விழுவதில்லை. பக்கத்தையும் படங்களையும் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. அந்த வேலையைக்கூடச் செய்யமுடியாமல், திரையில் ‘தரவுத்தள இணைப்பை ஏற்படுத்துவதில் பிழை’ என்ற, தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் ஒற்றை வரிதான் எல்லோருக்கும் தெரிந்தது. கோவிலுக்கு வர முடியாத முதியவர்கள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

செயலாளர் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். “ஐயா, வெளிநாட்டில இருந்து அட்டாக் பண்ணுறாங்கள், பெரிய சேர்வருக்கு மாறினாத்தான் சரிவரும்” என்று சொல்லி, இன்னொரு விலைமனு அனுப்புவதாகவும் சொன்னார்கள். சேர்வரை முழுமையாகக் கட்டுப்படுத்தும் ரூட் கடவுச்சொல்லைத் தரும்படி செயலாளர் வற்புறுத்திக் கேட்டு, வாங்கிய பின்னர்தான் உண்மை தெரிந்தது.

யார் எப்போது எதைக் கேட்டார்கள் என்று சேர்வர் எழுதிவைக்கும் அணுகல் பதிவுக் கோப்பில் தாக்குதலுக்கான அடையாளமே இல்லை. கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து முகவரிகளிலிருந்து, சாதாரணக் கைத்தொலைபேசி உலாவிகளில், முகப்புப் பக்கமும் அதற்குரிய படங்களும் கேட்கப்பட்டிருந்தன. படங்கள் கமெராவிலிருந்து எடுத்தபடியே, ஒவ்வொன்றும் ஐந்தாறு மெகாபைட் அளவில் ஏற்றப்பட்டிருந்தன. லினக்ஸின் பதிவிலோ, நினைவகம் (RAM) தீர்ந்துபோனதால், தளத்தின் உள்ளடக்கத்தை வைத்திருக்கும் மரியாடிபி தரவுத்தளத்தை இயங்குதளமே நிறுத்தியதாக வரிக்கு வரி எழுதியிருந்தது. விலைமனுவில் இருந்த ‘இரண்டு சேர்வர்களும் லோட் பலன்சரும்’ (வருவோரை இரண்டு சேர்வர்களுக்கும் பிரித்து அனுப்புவது) எங்கேயும் இல்லை. இருந்தது 2 ஜிகாபைட் நினைவகம் கொண்ட வாடகைச் சேர்வர் ஒன்று மட்டுமே.

‘விசேட அமைப்பு’ என்று பணம் வாங்கிய கோப்பைத் திறந்தால், டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பின் பொதியோடு வருகிற அபாச்சி அமைப்பு எழுத்து மாறாமல் அப்படியே கிடந்தது. ப்ரீஃபோர்க் என்ற முறை, அதற்குள்ளேயே வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி, ஒரே நேரத்தில் ஓடக்கூடிய செயல்முறைகளின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பிரதிகளின்) உச்ச எண்ணிக்கை 150. இந்த முறையில், வருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனிச் செயல்முறை ஒதுக்கப்படும். அன்னதானப் பந்தியில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஓராள், அவர் சாப்பிட்டு எழும்பும்வரை வேறு வேலை பார்க்காமல் நிற்பது போன்றது அது. எங்கள் தளத்தில் அப்படியான செயல்முறை ஒன்று ஏறத்தாழ 50 மெகாபைட் எடுத்தது. 150 பேர் ஒரே நேரத்தில் வந்தால் 7500 மெகாபைட் வேண்டும். இருந்ததோ 2 ஜிகாபைட். இந்தப் பெருக்கலை முன்கூட்டியே யாராவது போட்டுப் பார்த்திருந்தால், தேரன்று நடக்கப்போவது அப்போதே தெரிந்திருக்கும். என்ஜின்எக்ஸ், உரிமக் கட்டணம் வாங்கப்பட்ட அந்த மென்பொருள், நிறுவப்பட்டு ஓடாமலே கிடந்தது.

அன்று பின்னேரம் அதே சேர்வரிலேயே வேலையைச் செய்தேன். என்ஜின்எக்ஸை முன்னால் வைத்து, படங்களையும் நிலையான கோப்புகளையும் அதுவே கொடுக்கும்படி விட்டேன்; ஒரே செயல்முறை பல நூறு இணைப்புகளைப் பார்த்துக்கொள்வதால் நினைவகம் அவ்வளவாகத் தேவைப்படாது. பிஎச்பியை அபாச்சியிலிருந்து எஃப்பிஎம் என்ற தனிச் சேவையாகப் பிரித்து, தரவுத்தளத்துக்கு வேண்டியது போக மிஞ்சிய நினைவகத்தைக் கணக்கிட்டு, அதற்குள் அடங்கும் எண்ணிக்கையான செயல்முறைகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். முகப்புப் பக்கத்தின் பிரதி ஒரு நிமிடம் என்ஜின்எக்ஸிலேயே தங்கும்படி வைத்ததுதான் மிகப் பெரிய மாற்றம்: அந்த ஒரு நிமிடத்தில் ஆயிரம் பேர் கேட்டாலும், பத்தாயிரம் பேர் கேட்டாலும் தரவுத்தளம் அந்தப் பக்கத்துக்காக மீண்டும் தொந்தரவு செய்யப்படுவதில்லை. உபயம் பதிவு செய்யும் பக்கத்தையும் உள்நுழைந்தவர்களின் பக்கங்களையும் இதிலிருந்து கட்டாயம் விலக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருடைய விபரம் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். ஒரு செயல்முறை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளுக்கான 1024 என்ற வரம்பையும், டெபியனில் 768 ஆக வரும் என்ஜின்எக்ஸ் இணைப்பு எண்ணிக்கையையும் உயர்த்தி, படங்களைச் சிறிதாக்கினேன். அடுத்த நாள் தீர்த்தத் திருவிழாவின்போது தளம் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. ‘பெரிய சேர்வர்’ தேவைப்படவே இல்லை.

ஆகவே, அதிக பார்வையாளரைத் தாங்கும் என்று சொல்லி யாராவது வந்தால், மிகுதிப் பணத்தைக் கொடுக்குமுன் உங்கள் கண் முன்னாலேயே, பலர் ஒரே நேரத்தில் வருவதுபோலத் தளத்தைக் கேட்டுப் பார்க்கும் சுமைச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். அபாச்சியோடு வரும் ஏபி என்ற கருவியே போதும். கே6 என்ற சோதனைக் கருவியும் இலவசம்தான். சோதனை ஓடும்போது நினைவகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ஒரு திரையில் காட்டச் சொல்லுங்கள். சேர்வர் வாடகைக் கணக்கு சபையின் பெயரிலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். ரூட் கடவுச்சொல் முதல் நாளே சபையின் கைக்கு வரட்டும். இரண்டு சேர்வர்கள் என்று எழுதியிருந்தால் இரண்டுக்குமான மாத வாடகைச் சீட்டுகளையும் பார்த்து, ஒன்றை நிறுத்தினாலும் தளம் ஓடுகிறதா என்று செய்துகாட்டக் கேளுங்கள். இவற்றில் எதற்கும் நேர்மையான தொழில்நுட்பவியலாளர் எவரும் மறுப்புச் சொல்லமாட்டார்.

உரிமக் கட்டணத்தையும் இல்லாத இரண்டாவது சேர்வருக்கான தொகையையும் திருப்பித் தரும்படி சபை பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்துமூலம் முறையிடத் தீர்மானித்திருக்கிறார்கள். தமக்கு வந்த விலைமனுவைச் சரிபார்க்க விரும்பும் கோவில், பாடசாலைச் சங்கத்தினர் அதைக் கொண்டுவந்து காட்டினால், பணம் எதுவும் வாங்காமல் வரிக்கு வரி பார்த்துச் சொல்வேன்.