வெறும் 925 முத்திரையா, ஹால்மார்க்கா?

ஊட்டி கமர்சியல் ரோட்டில் மகளுக்குக் கொலுசு பார்த்தேன். ஒரு ஜோடியின் கொக்கியில் 925 என்று மட்டும் இருந்தது. அதை யார் வேண்டுமானாலும் குத்தலாம், 92.5 சதவீதம் வெள்ளி என்பதற்குக் கடைக்காரர் வாக்குதான் சாட்சி. இன்னொன்றில் ஹால்மார்க் இருந்தது: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முக்கோணக் குறி, தர எண், அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி, அதாவது அந்த நகைக்கே உரிய தனி அடையாள எண். லென்ஸில் பார்த்து பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் விவரம் வந்துவிடும். வெள்ளிக்கு இந்த எண் 2025 செப்டம்பரில்தான் வந்தது. கட்டாயமில்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

காந்தம் ஒட்டவில்லை என்று நம்பிவிடாதீர்கள், செம்பும் ஒட்டாது. கறுத்தால் போலி என்பதும் தப்பு; இந்த ஈரக் குளிரில் நல்ல வெள்ளியும் கறுக்கும்.

விலை கொஞ்சம் கூடுதல்தான். சரி என்று ஹால்மார்க் ஜோடியையே எடுத்தேன். பழசாக மாற்றும்போது தரத்துக்காக வாதாட வேண்டாம்.