விமானத் தூரக் கணிப்பான்: ரொறன்ரோவிலிருந்து பலாலி வரை

கனடாவிலிருந்து சொந்தக்காரர் யார் வருவதென்றாலும் வழி பார்த்துச் சொல்வது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தால் தூரமும் பறக்கும் நேரமும் காட்டும் இணையக் கணிப்பான்களைப் பல வருடமாகப் பாவிக்கிறேன். தூரத்தைத் தாராளமாக நம்பலாம். நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது.

ஊர்ப் பெயரைத் தட்டும்போது கவனம். கொழும்பு என்றால் கட்டுநாயக்கா விமான நிலையத்தோடு இரத்மலானையும் வரும். லண்டன் என்றால் கனடாவில் உள்ள லண்டனும் வந்து நிற்கும். விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுப்பதே நல்லது.

ரொறன்ரோ - கட்டுநாயக்கா ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். வரைபடத்தில் அந்தக் கோடு கிறீன்லாந்துக்கு மேலாக ஏறி, நோர்வேயின் வட பகுதியைத் தொட்டு, ரஷ்யா வழியாக இறங்கும். உருண்டையான பூமியில் அதுதான் குறுக்கு வழி. மணிக்கு 900 கிலோமீற்றர் என்று பிரித்தால் பதினைந்தரை மணித்தியாலம் வரும். ஆனால் அந்த வழியில் நேரடி விமானமே இல்லை. சரி, டுபாயில் மாறினால்? 11,080, பிறகு 3,290. மொத்தம் 14,370 சொச்சம். டுபாய் சுற்று வழி என்று மாமி ஒவ்வொருமுறையும் குறைப்படுவார். உண்மையில் கூடுவது நானூறு கிலோமீற்றர்கூட இல்லை, அரை மணித்தியாலப் பறப்பு. ஆளைக் களைக்கவைப்பது டுபாயில் காத்திருக்கும் நேரம். அதைக் கணிப்பான் காட்டாது.

காற்றையும் அது கணக்கில் எடுப்பதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று வரும்போது தள்ளிவிடும், போகும்போது மறிக்கும். அதனால் டுபாயிலிருந்து ரொறன்ரோ திரும்ப ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் கூட எடுக்கும். கணிப்பானோ இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தைத்தான் போடும்.

எங்களுக்கு முக்கியமானது கடைசித் துண்டு. கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி நேர்கோட்டில் 290 கிலோமீற்றர் அளவுதான். வீதியால் வான் வண்டியில் வந்தால் ஆறு, ஏழு மணித்தியாலம் போய்விடும். கனடாவிலிருந்து வந்து இறங்கிய களைப்போடு வவுனியா தாண்டி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. இடையில் கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அப்புறம்தான் டுபாய் - சென்னை - பலாலி என்று போட்டுப் பார்த்தேன். 2,930, பிறகு 355. கூட்டினால் டுபாய் - கட்டுநாயக்கா தூரமேதான்! அதே தூரம் பறந்து வீட்டு வாசலிலேயே இறங்கலாம். கணிப்பானால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை இதுதான்.

ஆனால் ரிக்கெற் தனித்தனி என்றால் சென்னையில் பொதியை எடுத்துத் திரும்பப் போடவேண்டும்; கனடாக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதற்கு இந்திய விசா வேண்டும். பலாலிக்கு வருவது சிறிய விமானம், பொதி நிறையும் குறைவு. இரண்டு பெரிய சூட்கேசோடு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருபவர்களுக்குக் கட்டுநாயக்காவும் வான் வண்டியும்தான் சரி. முதுகு நோ உள்ள மாமி போன்றவர்களுக்கு விசா எடுத்து, பொதியைக் குறைத்து, சென்னை வழியாக வரச் சொல்கிறேன்.